கல்லைக் கையில் கொடுங்கள்!

வேப்பந்தட்டையில் நின்று மேற்கே பார்த்தால் பச்சைமலை தெரிகிறது. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வயல்கள். அங்கே பள்ளிக்குப் போகும் சிறுவன் ஒருவனை நிறுத்தி, "தம்பி, கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், கிழக்குப் பக்கம் கையை நீட்டி, "வெகு தூரத்தில்" என்பான். தவறு சொல்லவில்லை அவன். இன்றைய கடற்கரைக்குச் செல்ல அவன் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் போகத்தான் வேண்டும்.

ஆனால், தோழர்களே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அதே கடல், பெரம்பலூரைத் தாண்டிய சில கல் தொலைவிலேயே அலைமோதிக் கொண்டிருந்தது! அதற்குச் சான்று, ஓலையில் எழுதிய புராணமல்ல; கல்லில் பதிந்த உயிர். தொட்டுப் பார்க்கலாம், உடைத்துப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். "நம்பு" என்று கட்டளையிடாமல் "பார்" என்று அழைக்கிற சான்று அது.

இந்தக் கல்லின் வரலாற்றையும், அறிவியலை இளைஞரிடம் எடுத்துச் சென்ற இயக்கங்களின் வரலாற்றையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே நம் நோக்கம். இரண்டும் வெவ்வேறு போலத் தோன்றும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: அறிவு காதின் வழியாக மட்டும் வேர்பிடிப்பதில்லை, கையின் வழியாகவே அது வேர்பிடிக்கிறது.

மண்ணுக்குள் மாகடல்

தென்கோளத்துப் பெருங்கண்டத்திலிருந்து இந்திய நிலப்பகுதி பிரிந்து நகர்ந்த காலத்தில், அதன் கிழக்கு ஓரம் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. ஏறத்தாழ பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிழக்குப் பகுதியில் கடல் ஏறியும் இறங்கியும் விளையாடிற்று. அதில் வாழ்ந்த சிப்பிகளும், பவளங்களும், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் மடிந்து அடியில் படிந்தன. படிந்தவை பாறையாயின. அரியலூர்ச் சிமெண்டுக்குச் சூளையில் வேகும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலுயிர்களின் ஓடும் கூடுமே பெரும்பாலும்.

நம் இயக்கத்தார் மறக்க முடியாத ஊர் கல்லக்குடி. 1953ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், 'டால்மியாபுரம்' என்ற பெயரை நீக்கிக் 'கல்லக்குடி' என்ற பெயரை மீட்கக் கலைஞர் தலைமையில் தோழர்கள் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். அந்த ஊரின் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் கல், பழங்கடலின் பவளப்பாறை. பெயர்ப்பலகை மாறிற்று, ஆனால் நிலவியலாரின் நூல்களிலோ அந்தப் பாறையடுக்குக்கு 'டால்மியாபுரம் அடுக்கு' என்ற பெயர் இன்றும் நிற்கிறது! ஊரின் பெயரை மீட்டது போராட்டம். பாறையின் பெயரைச் சூட்டும் உரிமை, பாறையைப் படிப்பவர்க்கே வாய்க்கிறது.

அந்தப் பாறையை முதலில் படித்தவர் யார்? 1840களில் காயே, கன்லிஃப் என்னும் இரண்டு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கற்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டு இப்பகுதி முழுவதையும் நடந்து அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளுக்கு நம் ஊர்களின் பெயரையே சூட்டினார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா, 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, தென்னிந்தியக் கடலுயிர்ப் படிவங்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளாக எழுதினார். 1874இல் லடாக்கின் மலைவழியில் மாண்டார். எங்கோ பிறந்தவனுக்கு ஊட்டத்தூர்ச் சிப்பியின் மீது அத்தனை காதல்!

அந்தச் சிப்பியை ஏர்முனையில் நாள்தோறும் புரட்டியவன் நம் உழவன். அவன் கண்ணுக்குக் கல் தெரியாமலில்லை. அவன் கைக்குப் புத்தகம்தான் எட்டவில்லை. எட்டவிடவில்லை என்பதே சரி. 'உனக்கு எழுத்து எதற்கு?' என்று தலைமுறை தலைமுறையாகத் தடுத்து வைத்த சமுதாயத்தில், கல்லைக் கண்டவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை எங்கிருந்து வரும்?

கேள்வி கேளாத இடத்தில் கும்பிடு வந்து குந்திக்கொள்கிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தை அறிவீர்கள். திருமாலின் சக்கரம் பதிந்த கல் என்று நீராட்டிப் பூசனை செய்கிறார்கள். அந்தக் 'சக்கரம்' அம்மோனைட்டின் சுருள் ஓடு! காரையிலும் அரியலூரிலும் மண்ணில் கிடக்கிறதே, அதே குடும்பத்து உயிர். ஒரே உயிரின் எச்சம்: ஒருவன் கையில் ஆராய்ச்சி, ஒருவன் வீட்டில் ஆராதனை. கல் மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறிற்று.

1940இல் எம்.எஸ். கிருட்டிணன் பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநராகப் பின்னாளில் உயர்ந்தவர் அவர். பழங்கடலில் மிதந்து வந்து சேற்றில் புதைந்த மரம். அதன் நார்தோறும் நீரில் கரைந்த மணற்சத்து ஊறி, மரம் மறைந்து வடிவம் மட்டும் கல்லாய் நின்றது. இன்று அதற்கு வேலியுண்டு, பலகையுண்டு. வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகமும் உண்டு. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு, அந்த மரம் எப்படிக் கல்லாயிற்று என்று தம் கையால் செய்து பார்க்க வழியுண்டா? அதுதான் நம் கேள்வி.

பேசினோம், வென்றோம், செய்து காட்டினோமா?

நம் இயக்கம் இளைஞரைத் தேடிப்போன வரலாறு நெடியது. 1925இல் 'குடிஅரசு' பிறந்தது. 1940களில் தந்தை பெரியார் 'இனிவரும் உலக'த்தைப் பற்றிச் சொன்னபோது, சட்டைப்பையில் அடங்கும் செய்திக் கருவியையும், சோதனைக் குழாயில் உருவாகும் கருவையும் கற்பனை செய்தார், வைதீகம் சிரித்தது. சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கருவியில்தான் நல்ல நேரம் பார்க்கிறார்கள்!

தெருவுக்குத் தெரு படிப்பகம் அமைத்தோம். முடிதிருத்தும் கடையில் ஏடு படித்தோம். எழுத்தறியாதவர்க்குப் பிறர் உரக்கப் படித்துக் காட்ட, கேட்டவர் விவாதித்தனர். மேடையிலே பேசினோம், நாடகத்திலே நடித்தோம். பள்ளி மிதியாத தந்தையின் மகன் கல்லூரி ஏறினான். இது சிறிய வெற்றியன்று.

ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு. காதுக்கு விருந்து வைத்தோம்; கைக்கு என்ன கொடுத்தோம்? புராணத்தைக் கேட்டு நம்பியவனை, நம் பேச்சைக் கேட்டு நம்பச் செய்தால், அவன் நம்பும் பொருள் மாறும். நம்பும் பழக்கம் மாறுமா? அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, பொறியியல் கல்லூரிக்குப் புறப்படும்போது இராகுகாலம் கழியட்டும் என்று வாசலில் நிற்கிறான். பாடம் அவன் நாவில் இருந்தது, கையில் இல்லை. மனப்பாடம் செய்த நியூட்டனுக்கும் மனப்பாடம் செய்த மந்திரத்துக்கும் அவன் மூளையில் ஒரே அறைதான்.

செய்து காட்டியவர்கள்

சொல்வதை விட்டுச் செய்து காட்டப் புறப்பட்டவர்களின் வரலாறும் உண்டு. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978) தாவரவியல் கற்பித்த ஆசிரியர். அற்புதம் செய்வதாகச் சொல்வோர், ஏமாற்று வழியில்லாத சூழலில் அதைச் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை வென்றவர் எவருமில்லை. "அற்புதம் பொய்" என்று அவர் பேசியதைவிட, "வந்து செய்து காட்டு" என்று அழைத்ததே வைதீகத்தை வாயடைக்கச் செய்தது.

1962இல் கேரளத்தில் சாத்திர சாகித்திய பரிசத்தும், 1980இல் தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் தோன்றின. 1987 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து மக்கள் அறிவியல் பயணங்கள் புறப்பட்டன. பாட்டும் நாடகமும் சிறு சோதனைகளுமாக ஊர் ஊராய்ச் சென்று, சர் சி.வி. இராமன் பிறந்த நாளான நவம்பர் 7ஆம் நாள் போபாலில் கூடின. நச்சுவளி கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட அதே போபாலில்! அறிவியல் மக்கள் கையில் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடசாலை வேறில்லை. சிறுவர்க்கான 'துளிர்' ஏடும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது.

1995ஆம் ஆண்டைச் சற்று நின்று பாருங்கள். திருச்சி மாவட்டம் மூன்றாகப் பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமான ஆண்டு அது. அந்தச் செப்டம்பர் 21ஆம் நாள், பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. வரிசையில் நின்றவர் இலட்சக்கணக்கானோர். கண்டித்து அறிக்கை விட்டவர் பலர். ஆனால் புரட்டின் முதுகெலும்பை முறித்தது, தில்லிக் கோவிலில் அறிவியலார் செய்து காட்டிய சிறு சோதனை. பாலில் நிறத்தைக் கலந்து சிலையருகே நீட்டினர். கரண்டியின் விளிம்பில் தளும்பிய பாலை நீரின் பரப்பு இழுவிசை கல்லின் மீது இழுத்தது. மெல்லிய ஏடாய் அது சிலையின் மேல் வழிந்தோடியதை நிறம் காட்டிக் கொடுத்தது. பிள்ளையார் குடிக்கவில்லை, பிள்ளையார் மீது வழிந்தது!

அடுத்த மாதம், அக்டோபர் 24ஆம் நாள், முழுச் சூரிய மறைப்பு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1980 பிப்ரவரி 16ஆம் நாள் அத்தகைய மறைப்பு வந்தபோது, பெருநகரங்களின் தெருக்களே வெறிச்சோடின; மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தனர். 1995இலோ, பாதுகாப்பு வடிகட்டிகளோடும் ஊசித்துளை அட்டைகளோடும் பள்ளிப் பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள். சூரியன் மாறவில்லை, நிலவு மாறவில்லை. பிள்ளையின் கையில் துளையிட்ட அட்டை ஒன்று ஏறியிருந்தது. அவ்வளவே மாற்றம், அது போதும் மாற்றம்.

1993 முதல் நடந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னொரு படி மேலே சென்றது. பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாய்ச் சேர்ந்து, தம் ஊரின் நீரையோ மண்ணையோ உணவையோ ஆராய்ந்து, தாம் கண்டதைத் தாமே எடுத்துரைத்தனர். விடை புத்தகத்தில் இல்லாத கேள்வி அது. ஆசிரியருக்கும் தெரியாத விடையைத் தேடும்போதுதான் பிள்ளை முதன்முறையாக ஆராய்ச்சியாளனாகிறான்.

குன்னம் கற்றுத்தந்த பாடம்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை!" என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. ஊரே திரண்டது. நிலவியலார் வந்து ஆராய்ந்து, அவை முட்டைகளல்ல, அம்மோனைட்டு முதலிய கடலுயிர்களைச் சுற்றிச் சேறு இறுகித் திரண்ட உருண்டைகள் என்று தெளிவுபடுத்தினர்.

ஊராரை எள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2009இல் அரியலூரைச் சேர்ந்த செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கண்டதாக ஆய்வாளர்களே அறிவித்திருந்தனர். ஆகவே ஊரார் ஊகித்தது பேதைமையன்று, நல்ல ஊகம். ஊகத்துக்கு அடுத்த படி சோதனை. அந்தப் படியில் கால் வைக்கத்தான் அங்கே யாருக்கும் பழக்கம் இல்லை. கல்லின் உடைந்த பகுதியில் சுருள் இருக்கிறதா, ஓடு இருக்கிறதா, பக்கத்து மண்ணில் சிப்பி கிடக்கிறதா என்று பார்க்கும் பத்துப் பிள்ளைகள் அந்த ஊரில் இருந்திருந்தால், வதந்தி மாலைக்குள் பாடமாக மாறியிருக்கும்.

என்ன செய்யலாம்?

2022 நவம்பர் 28ஆம் நாள் திருச்சியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'வானவில் மன்றம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கருவிகளோடு கருத்தாளர் நேரே செல்லும் திட்டம். வேப்பந்தட்டையில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அரசு செய்வதை அரசு செய்யட்டும். ஞாயிறு மாலையில் இருபது பிள்ளைகளைத் திரட்டும் இளைஞர் மன்றம் செய்யத்தக்கவை சில உண்டு. செலவு சில்லறைக் காசு.

ஒன்று: கல் சோதனை. வெவ்வேறு இடத்துக் கற்களைப் பொடித்து, எலுமிச்சைச் சாறு விடுங்கள். பச்சைமலை அடிவாரத்துக் கருங்கல் சும்மா இருக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், கரிவளி வெளியேறுகிறது. "அப்படியானால் நுரைப்பதெல்லாம் கடற்கல்!" என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். கட்டட்டும். பிறகு கரிசல் வயலில் கிடக்கும் சுக்கான்கல்லைக் கொடுங்கள். அதுவும் நுரைக்கும், ஆனால் அது கடலில் பிறந்ததன்று, மண்ணிலேயே திரண்டது. முடிவு உடைகிறது. ஒரு சான்று போதாது என்பதை நூறு சொற்பொழிவு கற்பிக்காது. அந்த நுரை கற்பிக்கும்.

இரண்டு: நிழல் சோதனை. நேரான கம்பு ஒன்றை மண்ணில் நட்டு, நண்பகல் நிழலை வாரந்தோறும் அளந்து குறித்து வாருங்கள். வேப்பந்தட்டையில் ஏப்ரல் 20ஐ ஒட்டிய ஒருநாளும், ஆகஸ்ட் 23ஐ ஒட்டிய ஒருநாளும் கதிரவன் நேர் உச்சியில் நிற்க, கம்பின் நிழல் காலடியில் மறையும். எந்த நாள் என்பதைப் பிள்ளைகளே முன்கூட்டிக் கணிக்கட்டும். கணிப்பு தவறினால் ஏன் தவறிற்று என்று தேடட்டும். பஞ்சாங்கக்காரர் எவரும் தம் கணிப்பை இப்படிப் பத்துப் பேர் முன்னால் கம்பு நட்டுச் சோதித்ததுண்டா என்று அவர்களே கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியதில்லை.

மூன்று: 'மந்திர'ச் சோதனை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறது. ஆலத்தி நீரின் இரகசியம் அவ்வளவே. செம்பருத்தி இதழைக் கத்தியில் தேய்த்து எலுமிச்சையை அறுத்தால் 'இரத்தம்' வடிகிறது. புளிப்பு பூவின் நிறத்தை மாற்றுகிறது. பிள்ளைகள் தாமே செய்து, தாமே விளக்கி, பிறகு வீட்டில் பாட்டிக்குச் செய்து காட்டட்டும். பாட்டியை எதிர்த்துப் பேச வேண்டாம். பாட்டியின் கையிலேயே கத்தியைக் கொடுக்கட்டும்.

நான்கு: தெளிப்புச் சோதனை. இது விளையாட்டன்று, உயிர்ப் பிரச்சினை. 2017இல் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்தி வயல்களில் பூச்சிமருந்து தெளித்த உழவர் சிலர் உயிரிழந்தனர். அவர்கள் எவர் வீட்டாரோ அல்லர். நம் பிள்ளைகளின் தந்தைமார் போன்றவர்கள். மருந்தே படாத புதிய தண்ணீர்த் தெளிப்பானில் மஞ்சள் நீரை நிரப்புங்கள். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், பருத்தி உயரத்துக்கு நட்ட குச்சிகளுக்கிடையே காற்றை எதிர்த்துத் தெளித்து நடக்கட்டும். இன்னொருவர் காற்றோடு நடக்கட்டும். இருவர் சட்டையிலும் விழுந்த மஞ்சட் புள்ளிகளைப் பிள்ளைகள் எண்ணட்டும். முகத்திலும் மூக்கருகிலும் எத்தனை என்று பார்க்கட்டும். அன்றிரவு அந்தப் பிள்ளை தந்தையிடம், "அப்பா, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்காக எத்தனை மாநாடு நடத்தினாலும் தகும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. சாத்தனூர்க் கல்மரத்தையோ, காரை நிலத்துப் படிவங்களையோ பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இடத்தை விட்டுப் பெயர்ந்த படிவம், பக்கம் கிழிந்த புத்தகம். அளந்து, வரைந்து, படமெடுத்து, இருந்த இடத்திலேயே விட்டு வரவேண்டும். கருவியை முதலில் பெண்பிள்ளையின் கையில் கொடுங்கள். இல்லையேல் வழக்கம்போல் அவள் எட்ட நின்று குறிப்பெழுதும் எழுத்தராகி விடுவாள். எல்லாத் தெருவுப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் உட்காரட்டும். எலுமிச்சைச் சாறு சாதி பார்த்து நுரைப்பதில்லை. தலைவருக்குப் பொன்னாடை, ஒரு மணிநேர வரவேற்புரை, கடைசியில் பத்து நிமிடச் சோதனை என்று தலைகீழாக்கி விடாதீர்கள். எல்லாவற்றினும் முக்கியம், பிள்ளை தவறு செய்யும்போது உடனே திருத்தாதீர்கள். தவறைத் தானே கண்டுபிடிப்பவன் அதை மறப்பதில்லை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இல் நிறைவேறிய நாற்பத்திரண்டாவது திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது. ஏட்டில் எழுதிய கடமையை நாட்டில் நடத்திக் காட்டப் படிப்பகம் கண்ட நம்மைவிடத் தகுதியுடையவர் யார்? அன்று ஒவ்வொரு படிப்பகத்திலும் மேசையும் நாளேடும் வைத்தோம். இன்று அந்த மேசையின் மேல் ஒரு கல், ஒரு எலுமிச்சை, ஒரு அளவுகோல், எழுதி வைக்க ஒரு குறிப்பேடு ஆகியவற்றையும் வைப்போம்.

அடுத்த முறை வேப்பந்தட்டைச் சிறுவனிடம், "தம்பி, கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்கும்போது, அவன் கிழக்கே கைநீட்ட வேண்டாம். குறிப்பேட்டைப் புரட்டி, தான் வரைந்து வந்த சுருள் ஓட்டைக் காட்டி, "இங்கேதான் இருந்தது, எப்படித் தெரியும் என்று கேளுங்கள்" என்று சொல்லட்டும்.